தன்மையிலிருந்து படர்க்கைக்கு: சிகிச்சை அறையில் ‘நான்’ எங்கே போகிறது?

நீண்ட பதிவு. மாணவர்களும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் இறுதிவரை படித்துவிட்டு மறுப்பிருந்தால் எழுதுங்கள். மறுப்புகளை எதிர்பார்த்தே இதைப் பொதுவில் வைக்கிறேன்.

மனநல சிகிச்சை குறித்து நம் பல்கலைக்கழகச் சூழலில் இரண்டு குரல்கள்தாம் உரக்க ஒலிக்கின்றன. ‘மருத்துவர் சொன்னபடி மாத்திரையைச் சாப்பிடு, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்பது ஒரு குரல். ‘மருந்து உன்னை மழுக்கிவிடும், நீ நீயாக இருக்கமாட்டாய், உளமருத்துவமே அதிகாரத்தின் கருவி’ என்பது மற்றொரு குரல். முன்னது வீட்டிலிருந்தும் மருத்துவமனையிலிருந்தும் வருகிறது. பின்னது கருத்தரங்க அறையிலிருந்தும் தேநீர்க் கடையிலிருந்தும் வருகிறது. இரண்டும் பகைக்குரல்கள் போலத் தோன்றினாலும் ஓரிடத்தில் கைகோத்துக்கொள்கின்றன. சிகிச்சை பெறுகிறவரின் ‘நான்’ எது, அது எப்போது காப்பாற்றப்படுகிறது, எப்போது பறிபோகிறது என்பதை அவரைக் கேட்காமலேயே இரண்டும் முடிவுசெய்துவிடுகின்றன.

இந்தக் கூட்டணியை எதிர்த்தே இதை எழுதுகிறேன். சிகிச்சையும் தன்னிலையும் ஒன்றையொன்று தின்று வாழ்பவை அல்ல. சிகிச்சையின் பெயரால் ஒருவரின் தன்னிலை சிதைகிறது என்றால், பெரும்பாலும் அதற்குக் காரணம் தன்னைப் பற்றித் தானே பேசும் உரிமை அவரிடமிருந்து பறிக்கப்படுவதுதான். அந்த உரிமை இந்நாட்டின் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. எழுதப்பட்டிருப்பதை மருத்துவமனையும் மறந்திருக்கிறது, பல்கலைக்கழகமும் மறந்திருக்கிறது.

மொழியியல் மாணவி என்பதால் இலக்கணத்திலிருந்தே தொடங்குகிறேன். பேசுகிறவரைக் குறிக்கும் இடத்துக்குத் தமிழிலக்கணம் வைத்த பெயர் ‘தன்மை’. கேட்பவர் முன்னிலை, பேசப்படுபவர் படர்க்கை. ‘தன்மை’ என்ற சொல்லுக்கு இயல்பு, குணம் என்ற பொருளும் இருக்கிறது என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். ஒருவர் தன்மையில் நின்று பேசும்போது வெறும் வினைவிகுதி மட்டும் மாறுவதில்லை. தன் இயல்பு இன்னதென்று அறிவிக்கும் அதிகாரத்தையும் அவர் எடுத்துக்கொள்கிறார்.

இப்போது ஒரு மனநலப் புறநோயாளர் பிரிவுக்குள் நுழையுங்கள். நோயர் மருத்துவருக்கு நேரெதிரே அமர்ந்திருப்பார். கேள்வி அவருக்குப் பின்னால் நிற்பவரிடம் போகும். ‘ராத்திரி தூங்குறாங்களா? சாப்பிடுறாங்களா? கோபப்படுறாங்களா?’ நோயர் காது கேளாதவர் அல்லர். பேசத் தெரியாதவரும் அல்லர். ஆயினும் நோய்ப்பெயர் ஒன்று கோப்பில் ஏறிய கணத்திலேயே அவர் தன்மையிலிருந்தும் முன்னிலையிலிருந்தும் நீக்கப்பட்டுப் படர்க்கைக்கு மாற்றப்பட்டுவிடுகிறார். சர்க்கரை நோய்க்கு வந்தவரிடம் இப்படி நடப்பதில்லை. எலும்பு முறிந்து வந்தவரிடமும் நடப்பதில்லை. தன் வலியைப் பற்றித் தான் சொல்வது நம்பத்தக்கதன்று என்ற முன்முடிவு, மனத்தின் பெயரால் வரும் நோயருக்கு மட்டுமே காத்திருக்கிறது.

கோப்பில் எழுதப்படும் ஆங்கிலத்தைக் கவனியுங்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கேட்டு, நோயர் ‘இல்லை’ என்று விடையளித்தால், அவர் அதை ‘மறுக்கிறார்’ என்றே எழுதுவது மரபு. ‘இல்லை என்றார்’ என்பதற்கும் ‘மறுக்கிறார்’ என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை முதலாண்டு பொருண்மையியல் மாணவரும் விளக்குவார். மறுத்தல் என்னும் வினை, முன்னதாகவே ஒரு குற்றச்சாட்டு நிலவுவதாக வைத்துக்கொள்கிறது. இது எல்லா மருத்துவத் துறைக்கும் பொதுவான எழுத்து மரபுதான் என்று மருத்துவ நண்பர்கள் சொல்லக்கூடும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காய்ச்சலை மறுத்தவரின் சொல்லை வெப்பமானி சரிபார்க்கும். மனநோயரின் சொல்லைச் சரிபார்க்க இன்னொருவரின் சொல் மட்டுமே இருக்கிறது. எந்தச் சொல்லை நம்புவது என்ற தேர்வில், மரபு எப்போதும் ஒரு பக்கமே சாய்கிறது.

அடுத்து ‘உள்ளுணர்தல்’ என்னும் மதிப்பீடு. மனநிலைப் பரிசோதனையின் இறுதியில், நோயருக்குத் தன் நோய் பற்றிய புரிதல் எவ்வளவு என்று கணிப்பார்கள். நம் மருத்துவ மாணவர்களுக்கு அது ஆறு படிகளாகக் கற்பிக்கப்படுகிறது. நோயே இல்லை என்று முற்றாக மறுப்பது முதற்படி. நோயை உணர்ந்து வாழ்க்கையை மாற்றிக்கொள்ளும் அளவுக்கு அறிவது ஆறாம் படி. இந்த ஏணியால் பயன் உண்டு என்பதை மறுக்கவில்லை. தன் நோயை அறியாதிருத்தலே சில நோய்களின் இயல்பு என்பதும் உண்மையே. ஆனால் நடைமுறையில் இந்த ஏணி, மருத்துவரோடு எவ்வளவு உடன்படுகிறார் என்பதற்கான அளவுகோலாகச் சுருங்கிவிடுகிறது. ‘எனக்கு நோய் இருக்கிறது, ஆனால் இந்த மருந்து எனக்கு ஒத்துவரவில்லை’ என்று சொல்பவர் எந்தப் படியில் நிற்கிறார்? தன்னைப் பற்றிய நுட்பமான அறிவு அவரிடம் இருக்கிறது. கோப்பிலோ அவர் ‘ஒத்துழைக்காதவர்’ ஆகிறார். உடன்பட்டால் புரிதல், முரண்பட்டால் நோய்க்குறி என்றால், அந்த அறையில் உரையாடல் என்ற ஒன்றுக்கு இடமேது?

இவ்விடத்தில் 1973இல் டேவிட் ரோசன்ஹான் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையைப் பலரும் துணைக்கழைப்பர். நோயில்லாதவர்கள் பொய்க்குறி சொல்லி மருத்துவமனையில் சேர்ந்ததாகவும், அங்கே அவர்கள் குறிப்பெழுதியதுகூட நோய்ச்செயலாகப் பதிவானதாகவும் அது கூறியது. அதன் நம்பகத்தன்மையைச் சூசன்னா கஹாலன் தம் 2019ஆம் ஆண்டு நூலில் கடுமையான ஐயத்துக்குள்ளாக்கிவிட்டார். ஆகவே அதை நான் தூணாக வைக்கவில்லை. அது தேவையுமில்லை. மிராண்டா ஃப்ரிக்கர் 2007இல் ‘சான்றுரை அநீதி’ என்று ஒரு கருத்தாக்கத்தை முன்வைத்தார். பேசுபவர் இன்னார் என்ற முன்முடிவால் அவர் சொல்லின் நம்பகம் குறைக்கப்படுவதே அது. நாம் சாதி பற்றியும் பாலினம் பற்றியும் பேசும்போது இக்கருத்தைத் தயங்காமல் கையாளுகிறோம். விடுதி அறையில் பக்கத்துக் கட்டிலில் மாத்திரை விழுங்கும் தோழரைப் பற்றிப் பேசும்போது மட்டும் அது நம் நினைவுக்கு வருவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 4ஆம் பிரிவு, சிகிச்சை குறித்து முடிவெடுக்கும் திறன் எது என்பதை வரையறுக்கிறது. தகவல்களை அந்நபர் புரிந்துகொள்ளும் எளிய மொழியில் தரவேண்டும் என்கிறது. தேவையானால் சைகை மொழியிலோ படங்கள் வழியாகவோ தரலாம் என்றும் சொல்கிறது. அதே பிரிவு இன்னொன்றையும் தெளிவுபடுத்துகிறது. ஒருவரது முடிவு மற்றவர்களுக்குத் தவறாகத் தோன்றுகிறது என்பதனாலேயே அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று ஆகிவிடாது. தவறாக முடிவெடுக்கும் உரிமை எல்லாக் குடிமக்களுக்கும் இருக்கிறது, நோயருக்கும் இருக்கிறது. 3ஆம் பிரிவு, சமூக ஒழுக்க மதிப்பீடுகளோடும் அரசியல் மதிப்பீடுகளோடும் ஒத்துப்போகாமையை மனநோய்க்கு அடிப்படையாகக் கொள்ளக்கூடாது என்கிறது. ஒருவருக்கு மனநோய் இருப்பதாகத் தீர்மானிப்பது மட்டுமே அவரைச் சித்தசுவாதீனமற்றவர் ஆக்கிவிடாது என்றும், அதைத் தகுதிவாய்ந்த நீதிமன்றமே அறிவிக்கவேண்டும் என்றும் அப்பிரிவு வகுக்கிறது. 22ஆம் பிரிவு, நோயின் தன்மையையும் திட்டமிடப்பட்ட சிகிச்சையையும் தமக்குப் புரியும் மொழியில் அறியும் உரிமையை வழங்குகிறது. 25ஆம் பிரிவு, தம் அடிப்படை மருத்துவ ஆவணங்களைப் பெறும் உரிமையை வழங்குகிறது. 1912ஆம் ஆண்டின் பித்தர் சட்டத்திலிருந்து இவ்விடத்துக்கு வந்துசேர இந்நாட்டுக்கு நூறாண்டுக்கு மேலாயிற்று.

அந்தச் சட்டத்தில் ‘மொழி’ என்ற சொல் வருமிடங்களை நம் துறையினர் யாரேனும் பொருட்படுத்தியிருக்கிறோமா? இங்கே என் அனுபவத்திலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்றாண்டுகளாக மனநல சிகிச்சை பெற்றுவருகிறேன். நான் படிக்கும் வடநாட்டு நகரத்தில் உள்ள ஒரு மருத்துவமனைக்கு முதன்முதலில் போனபோது, ‘மனசு கனக்கிறது, நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்ததுபோல் இருக்கிறது’ என்பதை ஆங்கிலத்தில் சொன்னேன். நெஞ்சில் பாரம் என்று கேட்டவர்கள் முதலில் இதயத்துடிப்புப் பதிவெடுக்க அனுப்பினார்கள். அது சரியாக இருந்தது. பிறகு என் கோப்பில் ‘தெளிவற்ற உடல்சார் முறையீடுகள்’ என்று எழுதப்பட்டது. என் தாய்மொழியில் அந்த வாக்கியத்தைவிடத் தெளிவான வாக்கியம் வேறில்லை. ஒரு மொழியில் துல்லியமாக இருப்பது இன்னொரு மொழியின் கோப்பில் ‘தெளிவின்மை’ ஆவதற்கு யார் பொறுப்பு? சில மாதங்கள் கழித்து அதே மருத்துவமனையில் வேறொரு மருத்துவர், ‘உங்கள் மொழியில் இதை எப்படிச் சொல்வீர்கள்? முதலில் அதில் சொல்லுங்கள். பிறகு எனக்கு விளக்குங்கள்’ என்றார். அவருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அன்றுதான் நான் அந்த அறையில் தன்மையில் பேசினேன். அவர் அதற்காகச் செலவிட்டது பத்து நிமிடங்களுக்கு மேல் இராது.

இதைச் சொல்வது அனுதாபம் தேடி அன்று. நடுவண் பல்கலைக்கழகங்களிலும் தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்களிலும் சந்தாலி, மலையாளம், மணிப்புரி, தமிழ், தெலுங்கு, போடோ பேசும் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் ஆலோசனை வழங்கப்படுகிறது. துயரத்தை இரண்டாம் மொழியில் சொல்லும்போது, தெரிந்த சொற்களுக்குத் தக்கபடி துயரத்தை வெட்டிச் சொல்கிறோம். மருத்துவர் சிகிச்சையளிப்பது அந்த வெட்டிய துண்டுக்கே. 2022இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் கிடைக்கிறது. தொலைபேசியில் இயல்வது, பெரும் நிதிநல்கை பெறும் ஒரு வளாகத்தின் ஆலோசனை அறையில் ஏன் இயலாது?

அடுத்து மருந்து. ‘நான் நானாக இல்லை’ என்பது மனநல மருந்து எடுத்துக்கொள்வோர் பலரும் சொல்லும் வாக்கியம். அது கற்பனை அன்று. மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மருந்துகள் துயரத்தோடு மகிழ்ச்சியையும் சேர்த்து மட்டுப்படுத்துவதுண்டு. சில மருந்துகள் உடல் எடையைக் கூட்டும். சில நாள் முழுதும் உறக்கம் கவியச் செய்யும். லித்தியம் சிலருக்குக் கைநடுக்கம் தரும். அமெரிக்க உளவியலாளர் கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் இருமுனை மனநோயோடு வாழ்பவர். லித்தியம் தம் உயிரைக் காத்தது என்றும், அதன் மிகை அளவு பல்லாண்டுகள் தம்மால் நூல்களைப் படிக்க இயலாமற் செய்தது என்றும், அளவைக் குறைத்தபின் வாசிப்பு மீண்டது என்றும் 1995இல் வெளியான தம் நினைவுநூலில் எழுதினார். இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் நேர்மைதான் நமக்குத் தேவை. மருந்து காத்தது, மருந்து எடுத்துக்கொண்டது, பேசி அளவை மாற்றியபோது இரண்டும் ஒத்துப்போயின.

எனக்கும் ஒரு கட்டத்தில் வாசிப்பு போயிற்று. தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் வரும். அதுவரை எழுவாயையும் செயப்படுபொருளையும் மனத்தில் ஏந்திக்கொண்டு போக வேண்டும். வினைமுற்றை அடையும்போது எழுவாய் என் கையிலிருந்து நழுவியிருக்கும். இதை மருத்துவமனையில் சொன்னபோது, ‘தூக்கம் வருகிறதல்லவா? அழுகை நின்றுவிட்டதல்லவா?’ என்று கேட்டார்கள். இரண்டும் உண்மை. மதிப்பெண் குறைந்திருந்தது, ஆகவே சிகிச்சை வெற்றி. பரவலாகப் பயன்படும் பிஎச்க்யூ-9 வினாநிரல், கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள் கேட்டு 27க்கு மதிப்பிடுகிறது. உங்களைப் பற்றி நீங்கள் தாழ்வாக எண்ணுகிறீர்களா என்று அதில் ஒரு கேள்வி உண்டு. அந்த ‘நீங்கள்’ இன்னும் உங்களிடம் இருக்கிறதா என்ற கேள்வி இல்லை. ஆய்வு மாணவிக்கு வாசிப்பு, பாடகருக்குக் குரல், தச்சருக்குக் கைநடுங்காமை, தாய்க்குக் குழந்தையின் மழலையில் மகிழும் ஆற்றல் ஆகியவை பக்கவிளைவுப் பட்டியலின் அடிக்குறிப்புகள் அல்ல. எதற்காகக் குணமாக விரும்புகிறோமோ அதுவே அவை. மூன்றாம் முறை வலியுறுத்திய பிறகு என் மருந்தளவு மாற்றப்பட்டது, வாசிப்பு திரும்பியது. மூன்று முறை வலியுறுத்தும் துணிவும் மொழியும் இல்லாதவர் என்ன செய்வார்? ஒரு நாள் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடுவார். பிறகு அவருக்குப் ‘புரிதல் இல்லை’ என்று கோப்பில் எழுதுவார்கள்.

இனி, நம் பக்கத்து ஆட்களிடம் வருகிறேன். மிஷல் ஃபூக்கோவின் 1961ஆம் ஆண்டு நூலைப் படித்துவிட்டு (பலர் அதன் சுருக்கத்தைப் படித்துவிட்டு), பித்து என்பதே சமூகக் கட்டுமானம் என்று விடுதி மாடியில் வகுப்பெடுக்கும் தோழர்களே, உங்களிடம் ஒரு கேள்வி. நண்பர் ஒருவர் மாத்திரையை நிறுத்துவதற்கு உங்கள் சொல் காரணமாகி, மூன்றாம் வாரம் அவர் உறங்காமல் நான்கு நாள் அலைந்தபோது, அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவர் யார்? பெரும்பாலும் நீங்கள் அல்லர். ஊரிலிருந்து இரண்டாம் வகுப்புப் பெட்டியில் நின்றுகொண்டே வந்த தந்தை. உளமருத்துவ வரலாற்றின் கொடுமைகள் உண்மையானவை. ஃபூக்கோவைப் படிக்கத்தான் வேண்டும். ஆனால் சிகிச்சையின்மை என்பது விடுதலை அன்று. 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயர் 28 பேர் இறந்தனர். மருத்துவம் எட்டாத இடத்தில் சுதந்திரம் பூத்துக் குலுங்கவில்லை, சங்கிலிதான் கிடந்தது. சங்கிலியால் கட்டுவதை இன்றைய சட்டத்தின் 95ஆம் பிரிவு தடைசெய்கிறது.

நோயும் தன்னிலையைத் தின்னும் என்பதை இந்தக் காதற்கதைக்காரர்கள் பார்ப்பதில்லை. கடும் மனச்சோர்வில் இருப்பவரிடம் ‘உன் துயரமே உன் ஆழம்’ என்று சொல்வது, மூச்சுத்திணறுபவரிடம் கடலின் அழகைப் பாடுவதற்குச் சமம். எலின் சாக்ஸ் என்னும் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர், தமக்கிருந்த மனச்சிதைவு நோயைப் பற்றி 2007இல் நூல் எழுதினார். மருந்து தேவைப்படுவதே தம் தோல்வி என்று எண்ணிப் பல்லாண்டுகள் மருந்தோடு போராடியவர் அவர். பிறகு அதை ஏற்றவர். மருத்துவமனைக் கட்டிலில் பிணைத்துப்போடும் வழக்கத்தை இன்றளவும் எதிர்ப்பவரும் அவரே. மருந்தை ஏற்பதும் வன்முறையை எதிர்ப்பதும் ஒரே மனிதரின் இரு கைகளாக இருக்கலாம். மருந்தை எடுக்கிறாயா, உன்னைக் காப்பாற்றிக்கொள்கிறாயா என்று தேர்வு வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது ஓர் ஆபத்தும் இருக்கிறது. அது புதியது, நம் தலைமுறைக்குரியது. நோய்ப்பெயரையே பெயராகச் சூடிக்கொள்வது. ‘நான் ஒரு பைபோலார்’, ‘நான் ஒரு டிப்ரெஸ்ட் பர்சன்’ என்று நம்மை நாமே அறிமுகப்படுத்திக்கொள்கிறோம். ஒளித்துவைத்த காலத்தைவிட இது மேல் என்பதை அறிவேன். பெயர் தெரியாத வேதனைக்குப் பெயர் கிடைப்பது பெரும் ஆறுதல்; அதையும் அனுபவித்தவள்தான். ஆனால் தமிழின் வாக்கிய அமைப்பு இங்கே நமக்கு வேறொரு வழி காட்டுகிறது. ‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்குக் கோபம் வருகிறது’, ‘எனக்கு மனச்சோர்வு இருக்கிறது’. இவ்வாக்கியங்களில் அனுபவிப்பவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். வினைமுற்று அவரோடு இயையாமல் அஃறிணை ஒருமையில் முடிகிறது. பசி என்னிடம் வருகிறது, நான் பசியாகிவிடுவதில்லை. நான்காம் வேற்றுமையின் பொருள்களில் கொடையையும் பகையையும் இலக்கண நூலார் சேர்த்தே வைத்தார்கள். வந்திருப்பது கொடையா பகையா என்பதைக் காலம் சொல்லட்டும்; வாங்கிக்கொண்டு நிற்கிற ‘நான்’ தனியே நிற்கிறேன்.

மொழிதான் சிந்தனையைத் தீர்மானிக்கிறது என்று இதிலிருந்து யாரும் முடிவுகட்ட வேண்டா. அப்படியானால் தமிழகத்தில் ‘பைத்தியம்’ என்ற வசைச்சொல்லே இருந்திருக்காது. நான்காம் வேற்றுமை யாரையும் காப்பாற்றிவிடாது. மொழிக்குள் இருக்கும் ஒரு வாய்ப்பைச் சுட்டுகிறேன், அவ்வளவே. அதைப் பயன்படுத்துவதும் விடுவதும் பேசுவோர் கையில் இருக்கிறது.

இனிப் பல்கலைக்கழகங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்நாட்டில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உயர்கல்வி மாணவர்களின் மனநலம் குறித்து ஆராயத் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. அதே ஆண்டு ஜூலையில், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்கவேண்டும் என்பது உள்ளிட்ட வழிகாட்டுதல்களை வழங்கியது. வரவேற்போம். ஆலோசகர் வந்து அமர்வார். அவரிடம் மாணவர் சொன்னது அந்த அறைக்குள் தங்குமா என்பதுதான் நம் கேள்வி. ரகசியம் காக்கும் உரிமையை, வரையறுத்த சில விதிவிலக்குகளோடு, 23ஆம் பிரிவு உறுதிசெய்கிறது. ஆனால் வளாகங்களில் நடப்பது என்ன? விடுதிக் காப்பாளருக்குத் தெரிகிறது; அவர் வழியே துறைத்தலைவருக்கு; அவர் வழியே நெறியாளருக்கு. அதற்குப் பிறகு அந்த மாணவரின் ஆய்வேட்டு இயலில் கால எல்லை தவறினால் நோய். துணிவான வாதம் இருந்தால் அதுவும் நோய். கருத்தரங்கில் நெறியாளரை மறுத்துப் பேசினால், ‘மருந்து சரியாக எடுக்கிறாயா?’ என்று பரிவோடு கேட்கிறார்கள். அந்தப் பரிவைவிடக் கொடிய தணிக்கையை நான் அறியேன். அறிவுலகில் ஒருவரின் தன்னிலை என்பது அவர் வாதம்தான். வாதத்தை நோய்க்குறியாக வாசிக்கத் தொடங்கிய கணத்தில் அவர் ஆய்வாளராக இருப்பதை நிறுத்திவிட்டீர்கள்.

எதிர்ப்பார்க்கும் மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு: ‘இலட்சம் பேருக்கு ஓர் உளமருத்துவர்கூட இல்லாத நாட்டில், ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேச நேரமேது?’ நியாயமான கேள்வி. மருத்துவர்களின் உழைப்பை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஒரு காலைப்பொழுதில் நூறு பேரைப் பார்ப்பவர்கள் அவர்கள். ஆனால் கேளாமல் எழுதிய மருந்து பாதியில் நிறுத்தப்படுகிறது. நிறுத்தியவர் நோய் முற்றித் திரும்பி வருகிறார். மிச்சப்படுத்திய பத்து நிமிடத்துக்கு ஒரு மாத உள்நோயாளர் படுக்கையை விலையாகக் கொடுக்கிறோம். நேரமின்மை என்ற காரணம், பின்னால் நிற்பவரை விட்டுவிட்டு முன்னால் இருப்பவரிடம் கேட்பதற்குத் தடையாகாது. இரண்டுக்கும் ஒரே நேரம்தான் ஆகும்.

இரண்டாம் மறுப்பு இன்னும் வலுவானது: ‘உண்மையிலேயே முடிவெடுக்கும் நிலையில் ஒருவர் இல்லாதபோது என்ன செய்வது? அப்போதும் அவர் சொல்வதையே கேட்க வேண்டுமா?’ அத்தகைய வேளைகள் உண்டு. அவ்வேளைகளில் பிறர் முடிவெடுக்கத்தான் வேண்டும். யார், எதை அடிப்படையாகக் கொண்டு என்பதில்தான் என் வாதம் இருக்கிறது. 5ஆம் பிரிவின்படி, வயதுவந்த எவரும் தெளிவாக இருக்கும்போதே, தமக்கு எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டா என்பதை முன்கூட்டியே எழுத்தில் பதிவுசெய்யலாம். 14ஆம் பிரிவின்படி தம் சார்பாளரைத் தாமே நியமிக்கலாம். அவசர சிகிச்சைக்கு முன்னறிவுறுத்தல் பொருந்தாது. அதை மாற்றக் கோரி மருத்துவரும் உறவினரும் மனநல மறுஆய்வு வாரியத்தை அணுகவும் வழியிருக்கிறது. ஆகவே இது கண்மூடித்தனமான ஏற்பாடு அன்று. தெளிந்த ‘நான்’, கலங்கப்போகும் ‘நான்’ பொருட்டு எழுதிவைக்கும் கடிதம் அது. காலத்தின் ஊடாகத் தன்மையைத் தொடரச் செய்ய இதைவிட நல்ல கருவியை நம் சட்டநூல்களில் நான் கண்டதில்லை. நம் வளாகத்தில் எத்தனை பேர் இதை எழுதிவைத்திருக்கிறோம்? எத்தனை பேருக்கு இப்படியொன்று இருப்பதே தெரியும்?

ஆகவே என் கோரிக்கைகள் இவை.

ஒன்று. மனநலக் கோப்பின் முதற்பக்கத்தில், நோயர் தம் துன்பத்தைத் தம் மொழியில், தம் சொற்களில் சொன்னது எழுதப்படட்டும். மருத்துவரின் சொல்லாக்கம் அதன் கீழே வரட்டும். வளாகங்களில் மொழிபெயர்க்கும் பணிக்கு மொழியியல் துறைகளும் இந்திய மொழித் துறைகளும் முன்வரட்டும். ரகசியம் காக்கும் பயிற்சியோடும் ஊதியத்தோடும்.

இரண்டு. ஒவ்வொரு மறுவருகையிலும், உறக்கம், பசி பற்றிய கேள்விகளோடு இன்னொன்றும் கேட்கப்படட்டும்: ‘எதைச் செய்ய முடிந்தால் நீங்கள் நீங்களாக இருப்பதாக உணர்வீர்கள்? அதைச் செய்ய முடிகிறதா?’

மூன்று. மாணவரின் ஒப்புதலின்றி அவரது சிகிச்சைச் செய்தி நெறியாளருக்கோ துறைக்கோ போகக்கூடாது என்பதைப் பல்கலைக்கழகங்கள் எழுத்தில் உறுதிசெய்யட்டும்.

நான்கு. ஆய்வு முறையியல் வகுப்பில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, முன்னறிவுறுத்தல் எழுதுவது எப்படி என்று கற்பிக்கட்டும்.

ஐந்தாவது, கோட்பாட்டுத் தோழர்களுக்கு. அடுத்தவரின் மாத்திரையில் கைவைக்காதீர்கள். பல மருந்துகளைத் திடீரென நிறுத்துவது உடலுக்கும் மனத்துக்கும் கேடு. மருந்து ஒத்துவரவில்லை என்று நண்பர் சொன்னால், அதை மருத்துவரிடம் சொல்லும் துணிவை அவருக்குக் கொடுங்கள். வேண்டுமானால் உடன் செல்லுங்கள். மருத்துவர் உங்களிடம் ‘இவர் தூங்குகிறாரா?’ என்று கேட்டால், ‘அவரிடமே கேளுங்கள்’ என்று சொல்லிவிட்டு அமைதியாக நில்லுங்கள்.

சிகிச்சை பெறும் தோழர்களுக்குச் சொல்ல ஒன்றே ஒன்று. நீங்கள் மருந்து எடுத்துக்கொள்வதால் குறைந்துபோகவுமில்லை. கேள்வி கேட்பதால் ஒத்துழைக்காதவரும் ஆகவில்லை. உங்கள் கோப்பை வாங்கிப் படியுங்கள். அதில் உங்களைப் பற்றி எழுதியிருக்கும் வாக்கியங்களுக்கு எழுவாய் யார் என்று பாருங்கள்.